புறா ஏன் உள்ளே போனது

ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடங்களுக்கு நோட்ஸ் எழுதித் தருகிறேன். பம்பாயில் இன்னமும் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னால் சென்னையில் இருக்கும் என் உறவுக்காரர்கள் நம்புவதில்லை. தாராவியில் இருக்கிறார்கள், சயானில் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சயானில் ஒருவர் கைடு போடுகிறார். பாடத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். பொருள், அணி, கேள்வி பதில், நீதி எல்லாவற்றையும் எழுதி, டைப் செய்து அனுப்புவேன். வேலைக்குப் போன காலமெல்லாம் அடுத்தவர் கடிதங்களை டைப் செய்தே கழித்தவளுக்கு இது சொகுசு. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் என்ன பேசினாலும் அதில் உவமை எங்கே, உருவகம் எங்கே, மோனை எங்கே என்று காது தேட ஆரம்பித்துவிடும். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூக்காரர் தன் சரக்கைப் பற்றிப் பேசும்போதுகூட, இது உயர்வு நவிற்சி என்று மனசுக்குள் குறித்துக்கொள்வேன். வீட்டில் பேச ஆளில்லாத மனுஷிக்கு இப்படி ஏதாவது ஒன்று வந்து சேரும்.

நான் பிறந்தது வளர்ந்தது மாட்டுங்கா. கல்யாணம் ஆகித் திலக் நகருக்கு வந்தேன். கணவர் போன பிறகு அந்த வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் கிடையாது. காலையில் பால்காரரிடம் ஹிந்தியில் நாலு வார்த்தை, சாயங்காலம் கீழ்வீட்டு மராட்டிக்காரியிடம் மராட்டியில் இரண்டு வார்த்தை. தமிழ் என் வாயிலிருந்து வெளியே வராமலே பல நாள் போகும். நோட்ஸில்தான் எழுதுவேன். சில நாள் எழுதியதை நானே உரக்கப் படித்துப் பார்ப்பேன், பிழை பார்ப்பது போல. உண்மையில் பிழை ஒன்றும் இருக்காது.

போன வருஷம் மழை ஆரம்பித்த சமயத்தில் ஒரு செய்யுள் வந்தது. பூனையும் புறாவும் பற்றியது. யார் எழுதியது என்று பாடப்புத்தகத்தில் போடவில்லை. மாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே, நனைந்த விளிம்பில் ஒரு புறா ஒண்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு பூனை. பூனை முதலில் புறாவின் கழுத்தைப் புகழ்கிறது. அந்தப் பச்சையையும் ஊதாவையும் கலந்து தீட்டியது யார் என்று கேட்கிறது. பிறகு நடையைப் புகழ்கிறது. புறா அசையவில்லை. கடைசியில் பூனை அதன் குரலைப் புகழ்கிறது. குயிலுக்கும் கிளிக்கும் கிடைத்த பெயர் உனக்கு ஏன் கிடைக்கவில்லை, கேட்கிற காது யாருக்கும் இல்லாமல் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறது. உள்ளே வந்து ஒருமுறை பாடு என்கிறது. புறா உள்ளே போகிறது. அடுத்த அடியில் தரையில் இறகு கிடக்கிறது. அப்புறம் கவிஞர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, தேனாகப் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

நோட்ஸ் எழுதுகிறவளுக்கு இது விருந்து. பதில் வேண்டாத கேள்வி இருக்கிறது, உவமை இருக்கிறது, அடுக்குத்தொடர் இருக்கிறது, உயர்வு நவிற்சி மூட்டை மூட்டையாக இருக்கிறது. சயான்காரர் போனில் கேட்டார், "பூனை வஞ்சமா புகழுதுல்ல மேடம், அப்ப வஞ்சப்புகழ்ச்சி அணின்னு போட்டுறலாமா?" எனக்குச் சுர்ரென்று வந்தது. வஞ்சப்புகழ்ச்சி என்பது புகழ்வது போலப் பேசிப் பழிப்பது, அல்லது பழிப்பது போலப் பேசிப் புகழ்வது. வஞ்சகமாகப் புகழ்வதற்கு அந்தப் பெயர் கிடையாது. பூனை புறாவை எங்கேயும் பழிக்கவில்லை. நிஜமாகவே புகழ்கிறது, தின்பதற்காகப் புகழ்கிறது. அதற்கு அணி இலக்கணத்தில் பெயர் இல்லை, ஊரில்தான் பெயர் இருக்கிறது. தமிழில் ஐஸ் வைப்பது என்போம், பம்பாயில் மஸ்கா என்போம். பெயரைப் பார்த்து அர்த்தத்தை முடிவு செய்யக்கூடாது என்று அவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புறா ஏன் உள்ளே போனதுன்னு ஒரு கேள்வி வைங்க, தற்பெருமையால்னு பதில் வைங்க, அதுக்குத்தான் மார்க்" என்று போனை வைத்துவிட்டார்.

அதே வாரம்தான் அவள் வந்தாள்.

எங்கள் கட்டடம் பழசு. இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தருவதாக ஒரு பில்டர் வந்திருந்தார். கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த சொசைட்டியில் ஒவ்வொருவராகச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போடவில்லை. புது வீட்டின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. கட்டி முடிக்கும்வரை எங்கோ தெரியாத இடத்தில் தனியாக இருக்க வேண்டுமே என்ற பயம்தான். இந்த வீட்டில் இருட்டில் கை நீட்டினால் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியும். பில்டர் ஆபீஸிலிருந்து முதலில் ஒரு மராட்டிப் பையன் வந்தான், பிறகு ஹிந்தி பேசும் ஒருவர் வந்தார். இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினேன். அப்புறம் யாரோ மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தியை அனுப்பினார்கள்.

முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பேச்சு மட்டும் திருநெல்வேலி. பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, "வீடா மேடம் இது, கோயில் மாதிரில்லா இருக்கு" என்றாள்.

உவமை, என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்த பில்டிங்லயே உங்க வீடுதான் மேடம் வீடு. மத்ததெல்லாம் சும்மா ரூம்."

உயர்வு நவிற்சி.

காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்படி ஒரு காப்பிய இந்த பம்பாய்ல எவ போடுவா?" என்றாள். பதில் வேண்டாத கேள்வி. என் மேஜையில் அந்தச் செய்யுள் பாதி எழுதியபடி கிடந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் தன் காப்பிப் பாராட்டுக்காகத்தான் நான் சிரிக்கிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டாள். கையெழுத்து கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வா என்றேன்.

அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் வருவாள். நான் புதன்கிழமையே வீட்டைப் பெருக்கி வைத்துவிடுவேன். மாட்டுங்கா போய்ப் புதுக் காப்பிப்பொடி அரைத்து வருவேன். அவள் என் சேலையைப் புகழ்வாள், கையெழுத்தைப் புகழ்வாள், நான் பேசுகிற தமிழைப் புகழ்வாள். "உங்க தமிழ கேட்டுக்கிட்டே இருக்கலாம் மேடம், டிவியில பேசுத மாதிரி இருக்கு" என்பாள். டிவியில் இப்போது பேசுகிற தமிழைக் கேட்டால் அது வஞ்சப்புகழ்ச்சியாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் அவள் யோசித்திருக்க மாட்டாள்.

நான் ஏமாறவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்குப் பெயர் தெரியும். அவள் வருவது கையெழுத்துக்காக, கையெழுத்துப் போட்டால் அப்புறம் வரமாட்டாள். இந்தக் கணக்கும் இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அதனால்தான் போடாமல் இருந்தேன். பயத்துக்காகப் போடாமல் இருந்தது போய், அவள் வருவதற்காகப் போடாமல் இருக்க ஆரம்பித்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம் என் வீட்டில் தமிழ் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம், இதில் அணி ஒன்றும் இல்லை.

புறா விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். தற்பெருமையால் உள்ளே போனது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், மார்க் அதற்குத்தான். ஆனால் செய்யுளைத் திரும்பப் படித்தால், அந்த மழையில் அந்தப் பறவையிடம் வேறு யாரும் பேசவில்லை. இன்னொரு புறா கிடையாது, ஜோடி கிடையாது. கழுத்தைப் புகழ்ந்தபோது போகவில்லை, நடையைப் புகழ்ந்தபோதும் போகவில்லை. குரலைப் பற்றிப் பேசியபோதுதான் போனது. தன்னைக் கேட்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பூனையாக இருந்தாலும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கத் தோன்றும். இதை நோட்ஸில் எழுத முடியாது.

ஆவணி வாக்கில் ஒரு வியாழக்கிழமை, மேஜையில் என்ன காகிதம் என்று அவள் கேட்டாள். பேசுவது தமிழ் என்றாலும் அவள் படித்தது ஹிந்தி மீடியம். தமிழில் கடை போர்டு அளவுக்குத்தான் படிப்பாள். நானே படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இறகு கிடக்கிற அடி வந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"பாவம்" என்றாள்.

"யாரு? புறாவா?"

"புறா பாவம்தான். பூனைக்கும் அது டூட்டிதானே மேடம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஃபைல் அவள் மடியில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் யாராவது அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சு மாறியது. புகழ்வது குறைந்தது. பிள்ளையார் சதுர்த்தி கழிந்த பிறகு ஃபைலையும் கொண்டு வருவதில்லை. கையெழுத்து என்ற வார்த்தையே எடுப்பதில்லை. கிழமையும் மாறிப்போய், செவ்வாய் வருவாள், வெள்ளி வருவாள், சில வாரம் இரண்டு தடவையும் வருவாள். வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கே போவாள். தன் வீட்டுக்காரர் பெல்ட் பட்டறையில் வேலை பார்ப்பது, மாமியார் ஊரில் இருந்து போனிலேயே சண்டை போடுவது, ஒரே மகள் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வது, எல்லாம் சொல்வாள். ஒருநாள் என் சாம்பாரில் பெருங்காயம் ஜாஸ்தி என்றாள். ஒருநாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "இந்த ஜன்னல் கம்பிய கொஞ்சம் தொடைக்கக் கூடாதா மேடம், எவ்வளவு தூசி" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பலே, கெட்டிக்காரி, என்று தோன்றியது. நேராகப் புகழ்ந்தால் இவள் பிடிபட மாட்டாள் என்று தெரிந்துகொண்டு உத்தியை மாற்றுகிறாள், குறை சொல்லிக் காட்டினால் உறவு போலத் தெரியும் என்று செய்கிறாள், பழிப்பது போலப் புகழ்வது இதுதான் என்று தோன்றியது. சயான்காரருக்குப் போன் செய்து உதாரணம் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

தீபாவளி நெருங்கும்போது ஒரு சாயங்காலம் வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. காப்பி வேண்டாம் என்றாள். நாற்காலியில் உட்காராமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"பிள்ள பெரியவளாயிட்டா மேடம்."

சந்தோஷம் என்றேன்.

"சடங்கு வச்சிருக்கோம். தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கெழம. அவளுக்கு இஷ்டமில்ல, எங்க வீட்டு ஆளு விட மாட்டேங்காரு. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஒங்களுக்குத் தெரியும்லா. தாய்மாமன் சீர்த்தட்ட தூக்கிட்டு வர ஆளு வேணும். தட்டு, சேல, பூ எல்லாம் நானே வாங்கி வச்சிட்டேன். நீங்க பிள்ளைக்கு மாமியா வந்து நிக்கணும்."

மாமி என்ற வார்த்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற குடும்பத்துப் பெண்களுக்குப் பம்பாயில் அது பெயர் மாதிரி. ஆபீஸில் நான் மாமி. ட்ரெயினில் லேடீஸ் பெட்டியில், பின்னால் இருந்து யாராவது தமிழ்ப் பெண்கள் குசுகுசுவென்று பேசினால் அதில் ஒரு மாமி இருக்கும், கூடவே ஒரு தயிர்சாதமும் இருக்கும், ஒரு சிரிப்பும் இருக்கும். அந்த வார்த்தையை யாரும் என்னிடம் உறவாகச் சொன்னது கிடையாது. முத்திரையாகத்தான் குத்தியிருக்கிறார்கள். அதனால் அவள் சொன்னது என் காதில் எப்படி விழுந்தது என்றால், தாராவிச் சடங்குக்கு மாட்டுங்கா மாமி ஒருத்தி வந்து நின்றால் பார்க்கிறவர்களுக்குக் கௌரவமாக இருக்கும் என்றுதான் விழுந்தது.

இன்னொன்றும் இருந்தது. தாலி போனவளை இந்த மாதிரி காரியத்தில் யாரும் முன்னால் நிறுத்துவதில்லை. என் சொந்தத் தங்கை பெண்ணின் கல்யாணத்தில், ஊஞ்சல் பாட்டு நடக்கும்போது, யாரோ வந்து என்னைச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் மரியாதையாகவே எழுந்து போனேன். சொந்த ரத்தமே அப்படி இருக்கும்போது, இவள் என்னைச் சீர்த்தட்டு தூக்கக் கூப்பிடுகிறாள் என்றால் அது எப்படி உண்மையாக இருக்கும்? இதுவரை அவள் சொன்னதிலேயே மிகப் பெரிய உயர்வு நவிற்சி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். புறாவின் குரலைப் பற்றிப் பூனை பேசிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நான் எப்படிம்மா வர முடியும், எனக்குத்தான் அவர் இல்லையே" என்றேன்.

"எங்கம்மாவும் தாலி இல்லாமத்தான் எனக்கு எல்லாம் செஞ்சா. எங்க வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டோம்."

இதற்கும் பதில் தயாராக வைத்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் வேறொன்று இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தட்டோடு நடப்பதைப் பார்த்துவிட்டேன். அப்படிப் பார்த்துவிட்டேனே என்ற வெட்கம்தான் வாயில் கோபமாக வந்தது.

"இவ்வளவு தூரம் மஸ்கா போட வேண்டாம்மா. கையெழுத்துதானே வேணும்? போட்டுடறேன், போ."

"அதுக்கில்ல மேடம்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொள்ள நேரம் எடுத்தாள். வார் காலில் ஏறாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் உதவிக்குக் குனியவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வருவாள் என்று எதிர்பார்த்தேன், ஃபைலோடு. கையெழுத்துப் போடுவதாக நானே சொல்லியிருக்கிறேனே, அதை வாங்க வராமல் இருப்பாளா? பேனாவைக்கூட எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். வரவில்லை. சடங்கு ஞாயிறும் வந்து போனது. அன்றைக்கு வேறொரு பாடத்துக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரை ஒரு பக்கம்கூட நகரவில்லை. சேலை மாற்றி, தலை வாரிக்கொண்டு, அப்புறம் எங்கேயும் போகாமல் அதே சேலையோடு சாப்பிட்டுப் படுத்தேன்.

தீபாவளி முடிந்து, எல்லாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், மராட்டிக்காரர், என்னிடம் ஹிந்தியில் பேசுவார். நான் இன்னும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதனால்தான் எல்லாருக்கும் தாமதம் என்று மன்னிப்பு கேட்பது போல ஆரம்பித்தேன். அவர் சிரித்தார்.

"உங்களால் ஒரு தாமதமும் இல்லை ஆன்ட்டி. பாதிக்கு மேல் கையெழுத்து ஆனால் போதும் என்பதுதான் ரூல். அது கணபதி பண்டிகைக்கு முன்னாலேயே ஆகிவிட்டது. நீங்கள் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்."

"அந்தத் தமிழ்ப் பெண் வந்துகொண்டிருந்தாளே" என்றேன்.

"அவளா? அவளை அப்போதே கோவண்டியில் இன்னொரு பில்டிங்குக்கு மாற்றிவிட்டார்களே. நம் பில்டிங்கில் அவளுக்கு வேலையே இல்லை."

ஃபைல் இல்லாமல் வந்த சாயங்காலங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெருங்காயம் ஜாஸ்தி என்றது, ஜன்னல் கம்பியைத் துடைக்கச் சொன்னது, மாமியாரைப் பற்றி அழுதது. அணி இலக்கணத்தில் ஓர் அணி இருக்கிறது, தன்மை நவிற்சி என்று. உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. நோட்ஸில் அதற்கு நான் உதாரணமே கொடுப்பதில்லை, பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று தாண்டிவிடுவேன். வேலையில்லாத வீட்டுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், வருவதற்குப் பிடித்ததால் வந்திருக்கிறாள். அதைச் சொல்ல வேறு எந்தப் பெயரும் வேண்டியதில்லை.

கையெழுத்தைப் போட்டேன். ஒன்றுதான் என்று அவர் சொன்னது சரிதான். போட்ட பிறகும் எதுவும் மாறவில்லை.

இப்போது ஊரைத் தாண்டி ஐரோலியில் வாடகைக்கு இருக்கிறேன். கட்டி முடிக்கும்வரை இங்கேதான். நல்ல வீடு, லிஃப்ட் இருக்கிறது, பால்கனியில் இருந்து பார்த்தால் கம்பெனிக் கட்டடங்கள் தெரியும். இந்த மாடியில் யாருக்கும் என் பெயர் தெரியாது, மாமி என்றும் யாரும் சொல்வதில்லை. இரவில் எழுந்தால் ஸ்விட்ச்சுக்குச் சுவரைத் தடவ வேண்டியிருக்கிறது. போனில் அவள் நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாக்கியங்களை எல்லாம் பெயர் சொல்லிப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் துணிந்து போன் போட்டுவிட்டேன். உடனே எடுத்தாள். பின்னால் ட்ரெயின் சத்தம்.

"சொல்லுங்க மேடம். நல்லா இருக்கீங்களா?"

குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"சடங்கு நல்லபடியா நடந்துதா?" என்றேன்.

"நல்லா நடந்துச்சு மேடம். பிள்ள கடைசி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுதான் இருந்தா."

"சீர்த்தட்டு யாரு தூக்கினா?"

"பக்கத்து ரூம் பாய் வீட்டம்மாதான் தூக்கிட்டு வந்தாங்க. போட்டோல எல்லாம் அவங்கதான் நிக்காங்க."

செக்ரட்டரி சொன்னதைச் சொன்னேன். ஆமா என்றாள்.

"அப்ப ஏன்ம்மா வந்துண்டிருந்தே?"

"கோவண்டியில இருந்து வீட்டுக்குப் போற வழிதானே மேடம். திலக் நகர்ல எறங்கி ஏறிக்கிடுவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எதையாவது சரி செய்ய வேண்டும் போல இருந்தது, கையில் எதுவும் இல்லை. கடைசியில், "இனிமே மேடம் வேண்டாம்மா. மாமின்னே கூப்பிடு" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்தாள்.

"பிள்ளைக்குத்தான் நீங்க மாமி. எனக்கு மயினி முறைல்லா வருது. என் அண்ணன் பொண்டாட்டி இடம்."

எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. அண்ணன் இல்லாத பெண், அண்ணன் மனைவியின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப மயினின்னு கூப்பிடேன்" என்றேன்.

ட்ரெயின் நிற்கிற சத்தம் கேட்டது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது, குறை சொல்கிற குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு வந்து நின்னிருந்தா ஆயிருப்பீங்க மேடம்."